தபால் முத்திரை சொல்லும் சேதி



தபால்தலை சேகரிப்பது பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தபால்தலை மேல் கறுப்பாக வட்டமாகக் குத்தியிருக்கிறார்களே, அந்த முத்திரையையும் சேகரிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. "அது தபால்தலையை அசிங்கமாக்குதே, அதைப் போய் யாராவது சேர்ப்பாங்களா?" என்று என் பக்கத்தில் உட்காரும் தோழி கேட்டாள். சேர்ப்பார்கள். அதுவும் சின்ன ஊர் தபால் நிலையத்து முத்திரை என்றால் தேடித் தேடிச் சேர்ப்பார்கள். ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முத்திரை ஏன் வந்தது?

தபால்தலை பிறப்பதற்கு முன்பே முத்திரை பிறந்துவிட்டது. உலகின் முதல் தபால்தலை 1840-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வந்தது. ஆனால் 1661-லேயே லண்டனில் ஹென்றி பிஷப் என்பவர் கடிதங்களில் முத்திரை குத்த ஆரம்பித்தார். ஒரு சிறிய வட்டம், அதில் மாதமும் தேதியும் மட்டும் இருக்கும். வருடம் கூடக் கிடையாது. கடிதத்தைத் தாமதம் செய்தால் யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் அந்த முத்திரை.

தபால்தலை வந்த பிறகு முத்திரைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஒருமுறை ஒட்டிய தலையைப் பிய்த்து மறுபடி ஒட்டி ஏமாற்றக் கூடாது அல்லவா? அதனால் தலை மேலேயே குத்தினார்கள். ஆக, முத்திரைக்கு இரண்டு வேலை. ஒன்று, தலையைச் செல்லாததாக்குவது. இரண்டு, எந்த ஊர், எந்தத் தேதி என்று சாட்சி சொல்வது.

சின்ன ஊர் முத்திரை ஏன் அபூர்வம்?

ஒரு தபால்தலையை லட்சக்கணக்கில் அச்சடிப்பார்கள். ஆனால் ஒரு சின்ன ஊர் தபால் நிலையத்தில் ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம் விழுந்தாலே அதிகம். அதிலும் முக்கால்வாசியைப் படித்ததும் அடுப்பில் போட்டிருப்பார்கள், மீதியைக் கரையான் தின்றிருக்கும். தப்பிப் பிழைத்த உறை ஒன்றோ இரண்டோதான்.

சில நிலையங்கள் கொஞ்ச காலம்தான் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் ஒரு கிராமத்தில் தபால் நிலையம் திறந்தால், வருமானம் வருகிறதா என்று பார்க்கப் பரிசோதனை நிலையமாகத்தான் முதலில் திறப்பார்கள். வருமானம் இல்லையென்றால் மூடிவிடுவார்கள். அப்படி மூடிய ஊரின் முத்திரை கிடைத்தால் அது புதையல் மாதிரி. சாதாரணத் தலை ஒட்டிய உறை கூட, அதில் இருக்கும் ஊர்ப் பெயரால் மதிப்புப் பெறுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

நம்ம புதுச்சேரியின் தனிச் சிறப்பு

தபால் வரலாற்றில் புதுச்சேரிக்கு இருக்கும் சிறப்பு வேறு பல ஊர்களுக்குக் கிடையாது. ஏனென்றால் இங்கே ஒரே ஊரில் இரண்டு அரசாங்கத்தின் தபால் ஓடியது! பிரெஞ்சுக்காரர்களின் தபால் ஒன்று. சுற்றியுள்ள ஆங்கிலேயர் பகுதிக்கு அனுப்ப, ஆங்கிலேய இந்தியாவின் தபால் நிலையமும் இங்கே இருந்தது. அதனால் விக்டோரியா ராணி தலை ஒட்டிப் பாண்டிச்சேரியில் முத்திரை குத்திய உறைகளும் உண்டு, பிரெஞ்சுத் தலை ஒட்டிய உறைகளும் உண்டு.

தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எல்லாக் குடியேற்ற நாடுகளுக்கும் பொதுவான தலைகளையே இங்கும் பயன்படுத்தினார்கள். நம் பகுதியின் பெயர் போட்ட தலைகள் 1892-ல் வந்தன. 1914-ல் பிரம்மாவின் உருவமும் கோயிலும் போட்டுத் தலை வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றபோது, 1940-ல் புதுச்சேரி அரசு தளபதி தெ கோல் பக்கம் சேர்ந்தது. அதனால் 1941-ல் பழைய தலைகள் மேலேயே "பிரான்ஸ் லீப்ர்", அதாவது சுதந்திர பிரான்ஸ் என்று அச்சடித்து விற்றார்கள். எங்கோ நடந்த போர் நம்ம ஊர்த் தபால்தலையில் வந்து நின்றது!

இன்னொரு வேடிக்கை. 1923 முதல் இங்கே தலைகளில் "காஷ்", "ஃபனோன்" என்று விலை போட்டார்கள். காஷ் என்பது நம்ம காசு. ஃபனோன் என்பது நம்ம பணம். தமிழ்ச் சொல்லைத்தான் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 × 8 = 192. அந்தப் பக்கம் ஆங்கிலேயரிடம் 12 பை (அதைத் தம்பிடி என்பார்கள்) ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். 12 × 16 = 192. இரண்டும் ஒன்றே! எல்லை தாண்டினாலும் கணக்கு உதைக்காது.

ஊர்ப் பெயரைப் படிப்பது எப்படி?

பிரெஞ்சு முத்திரையில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் முதலில் ஒன்றும் புரியாது. ஆங்கிலத்தில் பாண்டிச்சேரிக்கு இரண்டு ஆர் எழுத்து வரும். பிரெஞ்சில் ஒரே ஆர்தான். அதை வைத்தே எந்த நாட்டு முத்திரை என்று சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் ஊர்ப் பெயர்களை எப்படி எழுதினார்கள் என்று கீழே கொடுத்திருக்கிறேன்.

வில்லெனூர் - வில்லியனூர்
உல்கரே - உழவர்கரை
தீர்னூலார் - திருநள்ளாறு
கிராந்த் அல்தே - திருமலைராயன்பட்டினம்

கடைசிப் பெயருக்குப் பெரிய கிராமம் என்று அர்த்தம். மாதப் பெயரும் பிரெஞ்சில் இருக்கலாம். ழுயே என்றால் ஜூலை, ஊத் என்றால் ஆகஸ்ட்.

நம்ம வகுப்பிலேயே சிலர் புதுச்சேரி ஊர், சிலர் தமிழ்நாட்டு ஊர். சைக்கிளில் வரும்போதே நாலு தடவை எல்லை மாறும். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அப்படித்தான். பாகூர் ஒரு துண்டு, நெட்டப்பாக்கம் ஒரு துண்டு, நடுவில் ஆங்கிலேயர் ஊர். ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக அயல்நாட்டைத் தாண்ட வேண்டும்!

எல்லை இருந்ததால்தான் பாரதியார் 1908-ல் இங்கே வந்து பத்து ஆண்டுகள் தங்கினார். ஆங்கிலேயர் இங்கே வந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் தபாலைப் பிடித்தார்கள். இங்கே அச்சான "இந்தியா" பத்திரிகையை அவர்கள் பகுதிக்குள் விடாமல் தடுத்தார்கள். 1910-ல் பத்திரிகை நின்றுபோனது. தபாலை நிறுத்தினால் ஒரு பத்திரிகையையே நிறுத்தலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றனர். நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. ஆகவே 1954 அக்டோபர் முத்திரை உள்ள உறையையும் நவம்பர் முத்திரை உள்ள உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு நாடு போய் இன்னொரு நாடு வந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எங்க ஆயாவின் பிறந்த நாள்

இதெல்லாம் பெரிய வரலாறு. இப்போது ஒரு சின்ன வரலாறு சொல்கிறேன்.

எங்க ஆயாவுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. "பிரெஞ்சுக்காரன் போனதுக்கு அப்புறம் பொறந்தேன், மழைக்கு முன்னாடி" என்று மட்டும் சொல்லும். ஆதார் அட்டையில் தோராயமாக 1959 ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள். போன வருடம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுப் பழைய கடிதம் கிடைத்தது. "பழைய பேப்பர் கடையில போடு" என்று சித்தப்பா சொன்னார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மொத்தம் பதினோரு தபால் அட்டை. அதில் ஏழு அட்டையில் மூலையை யாரோ முன்பே கத்தரித்து எடுத்திருந்தார்கள். தபால்தலைப் படம் போச்சு, கூடவே முத்திரையும் போச்சு.

மிச்சம் நாலில் ஒன்று ஆயாவின் தாத்தா பாகூரிலிருந்து முத்தியால்பேட்டைக்கு, ஆயாவின் அப்பாவுக்கு எழுதியது. "நேற்று இரவு பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது, தாயும் சேயும் நலம்" என்று இருந்தது. மேலே தேதி இல்லை. "செவ்வாய்க்கிழமை" என்று மட்டும் இருந்தது. முத்திரையைப் பார்த்தேன். பாதி அழிந்திருந்தது. டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்ததில் 18, 9, 57 என்று தெரிந்தது. இன்னொரு முத்திரையில் புதுச்சேரி, 19 என்று இருந்தது.

1957 செப்டம்பர் 18 என்ன கிழமை? நாட்காட்டிக் கணக்குப் போட்டேன். புதன். அப்படியானால் அதற்கு முந்தைய நாள் 17, செவ்வாய். கடிதம் எழுதியது அன்று. குழந்தை பிறந்தது அதற்கும் முந்தைய நாள் இரவு. ஆகவே ஆயா பிறந்தது 1957 செப்டம்பர் 16, திங்கட்கிழமை இரவு. ஆயாவுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லை, ஒரே பெண். அதனால் அந்தக் குழந்தை ஆயாதான்.

நான் சொன்னதும் ஆயா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒரு தேதி இருக்குதா?" என்று கேட்டது. அந்த அட்டையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தால் எடைக்கு எத்தனை பைசா வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாதுகாப்பது எப்படி?

1. தபால்தலையை உறையிலிருந்து பிய்க்காதீர்கள், மூலையைக் கத்தரிக்காதீர்கள். தலை, முத்திரை, முகவரி மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அது சாட்சி.
2. பின்பக்கத்தையும் பாருங்கள். போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரண்டு தேதியையும் கழித்தால் பயண நாள் தெரியும்.
3. கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஃபெவிகால் தடவாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பசை நாளாக ஆக மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும்.
4. நம்ம ஊர் கடற்காற்று ஈரம். அதனால் வெயிலும் ஈரமும் படாத இடத்தில், சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வையுங்கள்.
5. ஒரு நோட்டில் ஊர், தேதி, யாரிடம் கிடைத்தது என்று எழுதுங்கள். உறை மேல் பேனாவால் எழுத வேண்டாம்.
6. கடிதம் என்பது இன்னொருவர் மனசு. உடையவரைக் கேட்காமல் படிக்கவோ எடுக்கவோ கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

தேதி தெரியாத உறைக்கு ஒரு துப்பு: தலையில் "நயா பைசா" என்று இருந்தால் அது 1957-க்கும் 1964-க்கும் இடையில் வெளியான தலை. முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. பின்கோடு அன்றுதான் தொடங்கியது.

உங்களுக்குத் தெரியுமா?

* உலகிலேயே முதல் விமானத் தபால் அரசு அனுமதியோடு பறந்தது இந்தியாவில்தான். 1911 பிப்ரவரி 18, அலகாபாத்திலிருந்து நைனிக்கு. ஓட்டியவர் பிரெஞ்சுக்காரர், ஹென்றி பெக்கே. அதற்கென்றே தனி முத்திரை செய்தார்கள்.
* புதுச்சேரியின் பின்கோடு 605001. மாஹே 673310, ஏனாம் 533464. ஒரே யூனியன் பிரதேசம், ஆனால் முதல் எண்கள் வேறு வேறு. மாஹே கேரளத்தோடும் ஏனாம் ஆந்திராவோடும் சேர்ந்து போகிறது.
* 2006-ல் பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி ஆனது. எனவே பழைய பெயர் உள்ள முத்திரைகள் இப்போதே பழம்பொருள் ஆகிவிட்டன.

நாம் செய்ய வேண்டியது

தந்திச் சேவை 2013-ல் நின்றுவிட்டது. பதிவுத் தபாலும் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கடிதம் எழுதுவோர் குறைந்துகொண்டே போகிறார்கள். இன்று நம்ம ஊர் தபால் நிலையத்தில் விழும் முத்திரை நாளைக்கு அபூர்வம் ஆகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் ஒரு தபால் அட்டை வாங்குங்கள். உங்கள் வீட்டு முகவரியையே எழுதி, அன்று உங்கள் ஊரில் நடந்ததை நாலு வரி எழுதுங்கள். உங்கள் ஊர் தபால் நிலையத்தில் கொடுத்து, "முத்திரையைக் கொஞ்சம் தெளிவா போடுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அட்டை வந்ததும் பள்ளிக்குக் கொண்டு வந்தால் இந்தப் பலகையிலேயே வரிசையாகக் குத்தி வைக்கலாம். எத்தனை ஊர் சேருகிறது பார்ப்போம்.

அடுத்து போகி வருகிறது. பழையன கழிதல் நல்லதுதான். ஆனால் தீயில் போடும் முன் கடிதக் கட்டு இருக்கிறதா என்று ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.

பதில் சொல்லுங்கள் (விடை இந்தத் தாளிலேயே உள்ளது)

1. ஒரு ரூபாய்க்கு எத்தனை பிரெஞ்சுக் காசு?
2. பின்பக்க முத்திரையால் என்ன தெரியும்?
3. "நயா பைசா" தலை எந்த ஆண்டுகளில் வெளியானது?



- ஒன்பதாம் வகுப்பு மாணவி