நடு வயதும் இரத்தக் கொழுப்பும்

கொள்ளிடக் கரையை அடுத்த நமது தா.பழூர் வட்டாரத்தில் உழவும் அறுவடையும் இன்று பெரிதும் இயந்திரங்களிடம் சென்றுவிட்டன. உடலுழைப்புக் குறைந்தது, உண்ணும் சோற்றின் அளவோ குறையவில்லை. நாற்பதைக் கடந்த நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

கொலஸ்டிரால் நஞ்சன்று, உயிரணுக்களுக்கு இன்றியமையாதது. அதன் பெரும்பகுதியை ஆக்குவதும், இரத்தத்தில் மிகுந்த கெட்ட கொழுப்பை ஈர்த்து அகற்றுவதும் கல்லீரலே. வயது ஏற ஏற அகற்றும் ஆற்றல் தளர்கின்றது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கொழுப்பின் அளவு உயர்கின்றது. வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் அது இரத்தக் குழாய்களிற் படியும். வலி தோன்றாது, சிலருக்கு மாரடைப்பே முதல் அறிகுறியாகிவிடும். மெலிந்த உடலினர்க்கும் இது நேரலாம்.

ஆகவே, இரத்தப் பரிசோதனையே அறியும் வழி. மொத்தக் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழ் இருத்தல் நலம். சோற்றைச் சற்றுக் குறைத்துப் பயறும் கீரையும் கூட்டுக. பொரித்த பண்டங்களையும் புகையிலையையும் விலக்குக. நாள்தோறும் அரைமணி விரைந்து நடக்க. மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இல்லந்தோறும் கண்டறிய முற்பட்டது. கொழுப்பையும் அரசு மருத்துவமனையிற் கேட்டறிதல் நம் கடமை. ஊராட்சியினர் முதலில் தாம் சோதித்துக்கொண்டு, பின்னர் ஊராரை அழைப்பார்களாக!