பெட்டி கட்டுமுன் ஒரு பயிற்சி: 35 நிமிடச் சமையல்

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் விடுமுறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ், டிரைவிங், கோடிங் என்று ஏதாவது ஒரு வகுப்பில் சேராத பிள்ளைகள் குறைவு. அடுத்த பத்து ஆண்டும் அன்றாடம் கைகொடுக்கப்போகிற ஒரு பயிற்சி மட்டும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. அது சமையல். ஹாஸ்டல் விட்டு நண்பர்களோடு அறை எடுத்தாலும், வேலைக்காக பெங்களூருக்கோ கோவைக்கோ போனாலும் பசி கூடவே வரும். மெஸ் சாப்பாடு ஒரு மாதத்தில் அலுத்துவிடும். தினமும் ஆப்பில் ஆர்டர் போட்டால் முதல் சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டாது.

நூறு ரெசிபி தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, அது வேகும் நேரத்தில் எதை முடிப்பது என்ற வேலை வரிசை கைவந்தால் போதும். நாளை அலுவலகத்தில் உங்களிடம் எதிர்பார்க்கப்போவதும் இதைத்தான். ஆணோ பெண்ணோ, பதினைந்து பதினாறு வயதில் பழகத் தொடங்கிவிடலாம்.

1. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்

கேட்டரிங் கல்லூரியில் முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று, அடுப்பைப் பற்றவைக்கும் முன் தேவையானதையெல்லாம் நறுக்கி, அளந்து, எடுத்துவைத்துக்கொள்வது. வீட்டுக்கும் இது பொருந்தும். கடுகு வெடித்த பிறகு கறிவேப்பிலையை உருவ ஆரம்பித்தால், கறிவேப்பிலை வருவதற்குள் உளுத்தம்பருப்பு கருகிவிடும். கறிவேப்பிலையை ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். கழுவித் துடைத்து, ஒரு சின்னத் தட்டில் தாளிப்புச் சாமான்களை வரிசையாக வைத்துவிட்டுத்தான் அடுப்பைத் தொட வேண்டும்.

2. ஒரு முழுச் சாப்பாடு, நிமிடக் கணக்கில்

இரண்டு பர்னர் அடுப்பு, அடுக்குப் பாத்திரங்களோடு ஐந்து லிட்டர் குக்கர், ஒரு வாணலி, ஒரு சின்னப் பாத்திரம். இரண்டு பேருக்குச் சோறு, பருப்பு, ரசம், கோஸ் பொரியல்.

முதல் 5 நிமிடம்: ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், புழுங்கலரிசி என்றால் இரண்டரை முதல் மூன்று. கால் டம்ளர் துவரம்பருப்புக்கு முக்கால் டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். குக்கரின் அடியில் தண்ணீர் ஊற்றி, பருப்பைக் கீழும் அரிசியை மேலுமாக அடுக்கி ஏற்றுங்கள். ஐந்து விசில்.

5 முதல் 12 வரை: நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறப்போடுங்கள். கோஸை நறுக்குங்கள். ரசத்துக்கு இரண்டு தக்காளியை நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டைத் தட்டி வையுங்கள்.

12 முதல் 20 வரை: வாணலியில் தாளித்து, கோஸையும் உப்பையும் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். இதற்குள் ஐந்தாவது விசில் வந்துவிடும். குக்கர் அடுப்பை அணையுங்கள்.

20 முதல் 28 வரை: புளியைக் கரைத்து, தக்காளி, உப்பு, தட்டிய மசாலாவோடு சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். புளியின் பச்சை வாசனை போக வேண்டும். நடுவில் பொரியலை இறக்கிவிடலாம்.

28 முதல் 35 வரை: ஆவி தானாக அடங்கியதும் குக்கரைத் திறந்து பருப்பை மசியுங்கள். ஒரு கரண்டி பருப்பைத் தண்ணீரில் கரைத்து ரசத்தில் ஊற்றுங்கள். நுரை கட்டி மேலே எழும்பும்போதே அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் ருசி இறங்கிவிடும். நெய்யில் கடுகு, சீரகம், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். மீதிப் பருப்பில் உப்பும் நெய்யும் சேர்த்தால் முதல் பிடிச் சோற்றுக்கு ஆயிற்று.

முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பரவாயில்லை. வரிசையை மாற்றாமல் செய்தால் நேரம் தானாகக் குறையும்.

3. நான்கு கைவசச் சரக்கு

சோறு: உதிரியாக வடித்த சோறு இருந்தால் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், தேங்காய் சாதம் எல்லாமே பத்து நிமிட வேலை.

முட்டை: கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம், பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டால் ஓடு சுலபமாக உரியும். பொடிமாஸ் என்றால் சற்று ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள். மிச்சத்தை வாணலியின் சூடே பார்த்துக்கொள்ளும்.

ரவை: வறுத்த ரவை ஒரு டம்ளருக்குத் தண்ணீர் இரண்டரை டம்ளர். தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் தூவி மறு கையால் கிளறினால் உப்புமாவில் கட்டி விழாது.

தக்காளித் தொக்கு: வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள். எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். சோற்றில் கலந்தால் தக்காளி சாதம், தண்ணீர் விட்டு வேகவைத்த முட்டையைப் போட்டால் கிரேவி, அப்படியே வைத்தால் சப்பாத்திக்குத் துணை. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

4. பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பை நேரடியாக வேகவைத்தால் பாதிதான். ஆவி அடங்கும் முன் மூடியோடு மல்லுக்கட்டக் கூடாது.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள்.

கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம்.

மதியச் சோற்றை இரவுவரை மேடையில் விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். வெளியில் கிடந்த சோற்றில் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

5. நேர்காணலில் எப்படிச் சொல்வது?

‘சமையல் என் பொழுதுபோக்கு’ என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ‘ஞாயிறுதோறும் ஆறு பேருக்கு மதியச் சாப்பாடு என் பொறுப்பு, சாமான் வாங்குவது முதல் பரிமாறுவது வரை நான்தான்’ என்று சொல்லுங்கள். திட்டமிடல், பட்ஜெட், நேரக் கட்டுப்பாடு மூன்றுக்கும் அதுவே சான்று. அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள். ஆனால், உண்மையாகச் செய்திருக்க வேண்டும்.

சமையலையே தொழிலாக்க ஆசை வந்தால் வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்புப் பிரிவு உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் என்.சி.எச்.எம். ஜே.இ.இ. தேர்வெழுதி ஓட்டல் நிர்வாகப் பட்டப்படிப்பில் சேரலாம்; சென்னை தரமணியில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஊரே பண்டிகை கொண்டாடும் நாளில்தான் ஓட்டல் அடுக்களையில் வேலை அதிகம். மணிக்கணக்கில் நின்றுகொண்டே செய்ய முடியுமா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

6. நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம், அம்மாவோ அப்பாவோ சமைக்கும்போது பக்கத்தில் நின்று நறுக்கிக் கொடுங்கள். அவர்கள் கண்ணளவாகப் போடுவதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம், காலை டிபன் உங்களுடையது. மூன்றாம் வாரம், மேலே சொன்ன 35 நிமிடச் சாப்பாட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். நான்காம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு அடுக்களையும் உங்கள் பொறுப்பு. சந்தையில் காய் பார்த்து வாங்குவதில் தொடங்கி, பாத்திரம் துலக்கி, மேடை துடைத்து, சிலிண்டர் வால்வை மூடியபின்தான் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு.