எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா? மோட்டார், ஃபிரேம் சைஸ், பேட்டரி: முழு கணக்கு

ஆபீஸ் போய் வர எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமான்னு யோசிக்கிற எல்லாருக்கும் முதல்ல வர்ற கேள்வி, "பெட்ரோல் செலவு எவ்வளவு மிச்சமாகும்?" நியாயமான கேள்விதான். ஆனா அந்த மிச்சம் கைக்கு வரணும்னா வண்டி தினமும் ஓடணும். உடம்புக்குப் பொருந்தாத ஃபிரேமோ, உங்க ரோட்டுக்குச் சரிப்படாத மோட்டாரோ எடுத்துட்டா, ரெண்டே மாசத்துல அது மாடிப்படிக்குக் கீழே போயிடும். அதனால மோட்டார், ஃபிரேம், பேட்டரி மூணையும் பார்த்துட்டு, பிறகு கணக்குக்குப் போவோம்.

1. மோட்டார்: ஹப்பா, மிட் டிரைவா?

ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். அமைப்பு எளிது, விலை குறைவு, செயினுக்கு அதிக சுமை இல்லை. மிட் டிரைவ் மோட்டார் பெடல் இருக்கிற இடத்துல உட்கார்ந்து, செயின் வழியா சக்கரத்தைச் சுத்தும். உங்க கியரை அதுவும் பயன்படுத்திக்கிறதால ஏற்றத்துல நல்லா இழுக்கும். ஆனா விலை அதிகம், செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும்.

சென்னை மாதிரி சமதள ஊர்ல ஏற்றம்னா மேம்பாலம் மட்டும்தான். அதுக்கு ஹப் மோட்டார் தாராளமா போதும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் தினமும் ஓட்டுறவங்க மட்டும் மிட் டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

கடையில வாட் பெருசா சொல்வாங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, 250 வாட் வரம்புக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள், பேட்டரி சேர்க்காம 60 கிலோ எடைக்குள் இருக்கிற, முறையா சோதிச்சு ஒப்புதல் வாங்கின சைக்கிளுக்குத்தான் லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். "லாக் எடுத்துட்டா 45 கி.மீ. போகும் சார்"னு யாராவது சொன்னா உஷாராயிடுங்க. அப்படிச் செஞ்ச நிமிஷம் அது ரெஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வண்டி. யார் மேலயாவது மோதிட்டா, நஷ்ட ஈடு உங்க சேமிப்பிலிருந்துதான் போகும். அதனால வாட் எவ்வளவுன்னு கேட்கிறதை விட, டார்க் எத்தனை நியூட்டன் மீட்டர்னு கேளுங்க. இழுவை அதுலதான் தெரியும்.

2. ஃபிரேம் சைஸ்: ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

"27.5 இன்ச் சைக்கிள்"னு சொல்றது சக்கர அளவு. அதை ஃபிரேம் சைஸ்னு நினைச்சு ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க. ஃபிரேம் சைஸ் பெரும்பாலும் 15-லிருந்து 20 இன்ச்சுக்குள்ள இருக்கும்.

உங்க அளவு எடுக்க: செருப்பு இல்லாம சுவரோட ஒட்டி நில்லுங்க. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால் நடுவுல, சீட்ல உட்கார்ற மாதிரி மேலே அழுத்தி வைங்க. தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை சென்டிமீட்டர்ல அளங்க. அதை 0.225-ஆல பெருக்கினா, மவுண்டன் பைக் மாடல் ஃபிரேமுக்கான இன்ச் அளவு தோராயமா வரும்.

• 70 செ.மீ. என்றால் சுமார் 16 இன்ச்
• 78 செ.மீ. என்றால் சுமார் 17.5 இன்ச்

ஒரே சைஸ்ல மட்டும் வர்ற மாடல்கள் நிறைய இருக்கு. உங்க அளவோட ஒத்துப் போகலைன்னா விட்டுடுங்க, தள்ளுபடியைப் பார்த்து மயங்க வேண்டாம். சைக்கிள் நடுவுல ரெண்டு காலையும் ஊன்றி நின்னா, மேல் பைப்புக்கும் உங்களுக்கும் இடையில ரெண்டு விரல் இடைவெளியாவது இருக்கணும். சிக்னல்ல சட்டுனு கால் ஊன்ற இது ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த வண்டிகள் பல 20 கிலோவுக்கு மேல எடை. புடவை, வேட்டி கட்டுறவங்களும், வீட்டுல ரெண்டு பேர் மாத்தி ஓட்டுறவங்களும் மேல் பைப் தாழ்வா இருக்கிற ஸ்டெப் த்ரூ மாடல் எடுங்க.

3. பேட்டரி: நிஜமான செலவு இங்கேதான்

வோல்ட்டை ஆம்பியர் ஹவரால பெருக்குங்க. 36 × 10.4 = சுமார் 374 வாட் ஹவர். ஒரு கி.மீ.க்கு 15 வாட் ஹவர் செலவாகும்னு வெச்சா, ஒரு சார்ஜுக்கு 25 கி.மீ. விளம்பரத்துல சொல்ற ரேஞ்சை மறந்துட்டு இந்தக் கணக்கை நம்புங்க. 500 முழு சார்ஜ் தாங்கும்னு எடுத்துக்கிட்டா, பேட்டரி ஆயுள் 12,500 கி.மீ.

4. இப்போ கணக்கு

வேளச்சேரியில வீடு, துரைப்பாக்கத்துல ஆபீஸ்னு வெச்சுக்குவோம். போக வர 16 கி.மீ., மாசம் 22 நாள், ஆக 352 கி.மீ. கீழே இருக்கிற விலையெல்லாம் என் அனுமானம். உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

பெட்ரோல் லிட்டர் ₹100, ஸ்கூட்டர் மைலேஜ் 45 என்றால் மாசம் ₹782. சைக்கிளுக்கு சார்ஜிங் இழப்பையும் சேர்த்து சுமார் 6.2 யூனிட், யூனிட் ₹8 என்றால் ₹50. மிச்சம் ₹732.

*ஏற்கெனவே ஸ்கூட்டர் இருக்கிறவங்க:* சைக்கிள் ₹40,000. மூணு வருஷத்துல பேட்டரி மாத்த ₹12,000. மொத்தம் ₹52,000. அதை 732-ஆல வகுத்தா 71 மாசம், கிட்டத்தட்ட ஆறு வருஷம். ரெண்டாவது பேட்டரியும் அப்போதான் முடிஞ்சிருக்கும். அதாவது பெட்ரோல் மிச்சத்தை மட்டும் நம்பி வாங்கினா, லாபம் பூஜ்யம். உடற்பயிற்சிக்காகவும் விருப்பத்துக்காகவும் தாராளமா வாங்குங்க, ஆனா அதை சேமிப்புன்னு எழுதாதீங்க.

*ரெண்டாவது வண்டி வாங்கப் போறவங்க:* இங்கே கதையே வேற. அஞ்சு வருஷம், 21,120 கி.மீ. ஓட்டினா:

• புது ஸ்கூட்டர்: ஆன் ரோடு ₹1,05,000. வித்தா ₹40,000 வரும், நிகரம் ₹65,000. பெட்ரோல் ₹46,900, சர்வீஸ் ₹15,000. மொத்தம் ₹1,26,900.
• எலக்ட்ரிக் சைக்கிள்: ₹40,000. வித்தா ₹5,000 வரும், நிகரம் ₹35,000. கரண்ட் ₹3,000, ஒரு பேட்டரி ₹12,000, டயர், பிரேக், செயின் ₹12,500. மொத்தம் ₹62,500.

வித்தியாசம் ₹64,400. மாசத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல. அதை ஒரு எஸ்ஐபி-ல போடலாம்.

5. வரியும் ஈஎம்ஐ-யும்

எலக்ட்ரிக் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 5%. பில்லுல சரி பாருங்க. 80இஇபி பிரிவுல வட்டிக்கு விலக்கு கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2023 மார்ச் 31-க்குள் அனுமதி வாங்கின கடனுக்குத்தான் அது. கிரெடிட் கார்டு "நோ காஸ்ட் ஈஎம்ஐ"-ல வட்டி தள்ளுபடி ஆனாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில விழும். பிராசஸிங் ஃபீஸும் தனி.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. இதே பேட்டரி தனியா என்ன விலை? ஸ்டாக் இருக்கா?
2. பேட்டரி வாரண்ட்டி எத்தனை மாசம்? எழுத்துல கொடுப்பீங்களா?
3. பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள சார்ஜ் போட முடியுமா?
4. தண்ணி தேங்கின ரோட்டுல ஓட்டினா வாரண்ட்டி நிக்குமா? ஹப் மோட்டார் தரையிலிருந்து ஓரடி உயரத்துலதான் இருக்கு. மழைக்காலத்து வேளச்சேரியை மனசுல வெச்சுக் கேளுங்க.
5. டெஸ்ட் ரைடு உண்டா? மோட்டாரை அணைச்சுட்டும் ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க. பாதி வழியில சார்ஜ் தீர்ந்தா அப்படித்தான் வீடு வரணும்.

முதல் கேள்விக்கே பதில் வரலைன்னா, அடுத்த கடைக்குப் போங்க.