கோயில் புத்தகத்தில் பாட்டனைத் தேடுதல்: ஜொகூர்த் தமிழரிடையே நிலவும் நம்பிக்கைகளும் உண்மைகளும்

இங்கிலாந்தில் தாமஸ் குரோம்வெல் 1538-ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையின்படி, ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோயிலையும் அதன் குருவையும் சார்ந்து மக்கள் வாழும் எல்லைக்குள்ளும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் ஏட்டில் எழுதப்படலாயின. 1837-இல் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கும் வரை, எளிய உழவனின் பெயர் எஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் அந்த ஏடே. குடும்ப வரலாற்றைத் தேடக் கற்பிக்கும் ஆங்கிலக் கையேடுகள் இவ்வேடுகளை மையமாக வைத்து எழுதப்பட்டிருப்பதால், ஜொகூரில் தம் பாட்டன், பூட்டனைத் தேடப் புறப்படும் தமிழரும் அம்முறையை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கின்றனர். பொருந்தாத இடத்தில் ஏடே இல்லை என்று கைவிடுவதும், பொருந்துவதுபோல் தோன்றும் இடத்தில் ஏடு சொல்லாததைச் சொன்னதாகக் கொள்வதும் இதனால் நேர்கின்றன. ஓர் ஏடு எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிந்த பிறகே அதில் குடும்பத்தைத் தேட இயலும்.

நம்பிக்கை: "எங்கள் பூர்வீகம் நாகப்பட்டினம், கப்பல் பட்டியலில் பெயர் இருக்கும்."

பல குடும்பங்களில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் இச்செய்தி, பெரும்பாலும் ஊரைக் குறிப்பதன்று, கப்பலேறிய துறையைக் குறிப்பது. மலாயாவுக்கு வந்த தொழிலாளர் பலர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்திலோ சென்னைக்கு அருகே ஆவடியிலோ இருந்த டிப்போவில், அதாவது குடியேறுவோரைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பும் முகாமில், சில நாள் இருந்து கப்பலேறியவர்கள். மொரிசியசுக்கும் நட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தத்தில் சென்றவர்களுக்கு ஆளுக்கோர் எண்ணும் தந்தை பெயரும் ஊரும் எழுதிய பதிவுகள் இருப்பதைக் கேள்விப்பட்டவர்கள், மலாயாவுக்கும் அதையே எதிர்பார்க்கின்றனர். ஆனால் ஜொகூரின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்ந்த முதன்மையான வழி கங்காணி முறை. தோட்டத்திலிருந்து உரிமத்துடன் ஊருக்கு அனுப்பப்பட்ட கங்காணி ஆள் திரட்டி அழைத்து வந்த அம்முறை, 1910-இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்ட பின் ஓங்கி, 1938-இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. அப்படி வந்தவர்கள் அரசின் ஆண்டறிக்கைகளில் தலைக்கணக்காகவே எஞ்சினர். எனினும் கங்காணி தம் சொந்த ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் உறவினரையும் அறிந்தவரையுமே பெரும்பாலும் திரட்டினார் என்பதால், ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்த வேறொரு குடும்பத்துக்கு அதன் ஊர் தெரியுமானால், தேடுபவரின் ஊரும் அதற்கு அருகிலேயே இருக்க வாய்ப்புண்டு.

நம்பிக்கை: "கோயில் புத்தகத்தில் உள்ள நாளே பிறந்த நாள்."

அது ஞானஸ்நானம் பெற்ற நாள். தோட்டங்களுக்குக் குரு அவ்வப்போது மட்டுமே வந்து சென்ற காலத்தில் இரண்டு நாள்களுக்கும் இடையே மாதங்கள்கூடக் கழிந்திருக்கலாம். பெரியவராகி மனந்திரும்பியவருக்கு அந்த இடைவெளி பல ஆண்டுகள். பிறந்த நாளைக் குரு தனியே எழுதியிருந்தால், 1948-இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டைக்காக நினைவிலிருந்து சொல்லப்பட்ட வயதைவிட அதை நம்பலாம்.

நம்பிக்கை: "பெயர் ஒத்துவரவில்லை, ஆகவே அவர் நம்மவர் அல்லர்."

தேடலைப் பாதியில் நிறுத்தும் காரணங்களில் இது முதன்மையானது. ஆங்கிலேயரின் முறை குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்வது. தமிழரிடம் அப்படியொரு பெயர் வழக்கமில்லை. மலேசிய ஆவணத்தில் 'அனாக் லெலாக்கி', அதாவது மகன், என்ற சொல்லுக்குப் பின் வருவது தந்தையின் பெயர் என்பதால், தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே போகும். அதே வேளையில் பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பி வரும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. ஒரே பெயரில் இருவர் தென்படும்போது அவர்களை ஒருவராக்கிவிடாமல், பாட்டனும் பேரனுமாக இருக்கலாமோ என்று பார்ப்பது தமிழ்க் குடும்பத்துக்குப் பொருந்தும் முறை.

கத்தோலிக்க ஏடுகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது, ஏனெனில் குருக்கள் அவற்றை இலத்தீனில் எழுதினர். தோட்டத்தில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பெத்ருஸ் ஆவார், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ். இவை வேறு பெயர்கள் அல்ல, ஒரே புனிதரின் பெயருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய வடிவமும் திருச்சபை வழங்கிய வடிவமுமே. மலாயாவில் பணியாற்றிய பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்தின் பிரெஞ்சுக் குருக்கள், முத்து என்ற பெயரின் உகரத்தை 'ஓ', 'யூ' என்னும் இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்துத் தம் மரபுப்படி எழுதக்கூடியவர்கள்; பெரும்பாலும் மலையாளிகளாகவோ யாழ்ப்பாணத் தமிழராகவோ இருந்த தோட்டத்துக் கிராணிகள், அதாவது எழுத்தர்கள், அதே பெயரைச் செக்ரோலில், அதாவது ஆள்வருகைப் பேரேட்டில், ஆங்கில ஒலிப்படி எழுதினர். ஆகவே எழுத்தை விட்டு ஒலியைத் தேடுவதும், இலத்தீன் வடிவங்களைப் பட்டியலாகக் கையில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.

நம்பிக்கை: "ஜொகூர்க் கோயிலில் இருப்பது ஜொகூர்ச் செய்தி மட்டுமே."

உண்மையில் இந்த ஏடுகளின் பெரும் பயன் கடல் கடந்த செய்தியில்தான் இருக்கிறது. திருச்சபையின் 1907-ஆம் ஆண்டு ஆணை ஒன்று, 1908-இல் நடைமுறைக்கு வந்து, மெய்விவாகம் எனப்படும் கோயில் திருமணம் நடந்ததும் அச்செய்தியை மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்குள்ள ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று விதித்தது; ஒருவர் இருமுறை மணப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். எனவே குளுவாங்கிலோ சிகாமட்டிலோ மணம் முடித்தவரின் திருமணப் பதிவும் அதனுடன் வைத்த தாள்களும் அவர் ஞானஸ்நானம் பெற்ற தமிழ்நாட்டுப் பங்கின் பெயரைச் சொல்லக்கூடும். அந்தப் பங்கின் பழைய ஏட்டின் ஓரத்தில் ஜொகூர்த் திருமணம் குறிக்கப்பட்டிருக்கவும் கூடும். குடும்பத்தின் வாய்மொழி மறந்துவிட்ட ஊரை ஒரு குருவின் ஓரக்குறிப்பு காத்து வைத்திருப்பது எண்ணுந்தோறும் நெகிழச் செய்வது. பங்கு அலுவலகத்தில் வழக்கமாகத் தரும் சான்றிதழ் ஒரு சுருக்கமே ஆதலால், ஓரக்குறிப்புகளும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களும் சேர்ந்த முழுப் பதிவையும் கேட்டுப் பெற வேண்டும். ஞானப்பெற்றோர் பல வேளைகளில் ஒரே ஊரிலிருந்து வந்த உறவினர்.

நம்பிக்கை: "இந்துக் குடும்பங்களுக்கு எழுத்துச் சான்றே இல்லை."

1976-ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வரும் வரை, முஸ்லிம் அல்லாதார் வழக்கப்படி செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை. சான்றிதழ் இல்லாமையால் தாத்தா பாட்டியின் திருமணம் செல்லாது என்று எவரும் கருத வேண்டியதில்லை. அந்த இடத்தை நிரப்புவது மொய் நோட்டு: யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எவ்வளவு என்று எழுதிய அந்தப் பழைய நோட்டு, உறவின் வரைபடமாகவே பயன்படும். குலதெய்வத்தின் பெயரும் தடயமே. ஆனால் மதுரை வீரன், முனியாண்டி போன்ற பெயர்கள் எங்கும் பரவியவை என்பதால், ஊர்ப்பெயர் ஒட்டிய தெய்வப்பெயரே வழிகாட்டும்.

நம்பிக்கை: "இறப்புப் பதிவு இல்லை, அவர் குடும்பத்தை விட்டு ஓடிப்போனவர்."

1942-க்கும் 1945-க்கும் இடையில் காணாமற்போன ஆண்களைப் பற்றி இப்படிச் சொல்வது பெரும் அநீதி. ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுசென்றனர். காலராவிலும் பட்டினியிலும் காட்டில் மாண்டவர்களில் மிகப் பலரின் பெயரை எழுதிவைக்க எவரும் இருக்கவில்லை. கத்தோலிக்கக் குடும்பமாயின் இங்கும் ஒரு வழி உண்டு. விதவை கோயிலில் மறுமணம் செய்ய முதல் கணவரின் இறப்பு நிறுவப்பட வேண்டும். சான்றிதழ் இல்லாதபோது அறிந்தவர்களின் வாக்குமூலத்தைப் பெற்று ஆயர் முடிவு செய்வது திருச்சபை விதி. போருக்குப் பின் அவ்வாறு மறுமணம் செய்த பாட்டியின் திருமணத் தாள்களில், ரயில் வேலையிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் சொன்ன சாட்சியம் இருக்கலாம். அதைத் தேடுபவர் இன்றைய மலாக்கா-ஜொகூர் மறைமாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிடலாகாது. அம்மறைமாவட்டம் 1972-இல்தான் உருவாயிற்று, அதுவரை ஜொகூர்ப் பங்குகள் சிங்கப்பூரில் இருந்த ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன.