அடையாறு நிலமும் பேலன்ஸ் ஷீட் நிலமும்

ஷேர் வாங்குகிறவர்களில் பலர் லாப நஷ்டக் கணக்கை வரி வரியாகப் பார்ப்பார்கள். கடன் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். நிலைச்சொத்து என்ற வரி வந்ததும், "நிலம், கட்டடம், மெஷின்... அதான் இருக்கே" என்று தாண்டிப் போய்விடுவார்கள். கண்ணால் பார்க்கிற சொத்தில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்ற தைரியம்தான். என்னைக் கேட்டால், பேலன்ஸ் ஷீட்டிலேயே அதிகம் தப்பாகப் படிக்கப்படுகிற வரி இதுதான். அடையாறு, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் கிரவுண்ட் விலை தெரிந்தவர்களிடம் இந்தத் தப்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது.

"போர்டில் யார் பெயரோ, கட்டடம் அவர்களுடையது"

அடையாறு காந்தி நகரில் மலர் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் குறைவு. அதை நடத்திவந்த ஃபோர்டிஸ் மலர் ஹாஸ்பிடல்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. காந்தி நகரில் அவ்வளவு பெரிய இடம் வைத்திருக்கிறார்களே, ஷேர் விலை இவ்வளவுதானா என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் இடம் அந்தக் கம்பெனி கையில் இல்லை. 2012-இல் ஃபோர்டிஸ் குழுமம் தன் மருத்துவமனைக் கட்டடங்களைச் சிகிச்சைத் தொழிலிலிருந்து பிரித்து, ரெலிகேர் ஹெல்த் டிரஸ்ட் என்ற அமைப்பின் கீழ்க் கொண்டுபோய் சிங்கப்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. மலர் கட்டடமும் அதில் போனது. டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகளின் பில் எல்லாம் ஒரு பக்கம். அவர்கள் நடமாடிய கட்டடம் இன்னொரு பக்கம். கட்டடத்தைப் பயன்படுத்த மருத்துவமனைக் கம்பெனி கட்டணம் கட்டிவந்தது. 2019 ஜனவரியில் தாய்க் கம்பெனியான ஃபோர்டிஸ் ஹெல்த்கேர் அந்த டிரஸ்டின் இந்தியச் சொத்துகளைச் சுமார் 4,650 கோடி ரூபாய் மதிப்பில் திரும்ப வாங்கியபோதும், கட்டடம் குழுமத்தின் வேறொரு கம்பெனியிடம்தான் இருந்தது.

2023 ஜூலையில் மலரை எம்ஜிஎம் ஹெல்த்கேருக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கைமாறியது. மொத்தம் சுமார் 128 கோடி. அதில் நிலம், கட்டடத்துக்கான தொகை அவற்றை வைத்திருந்த கம்பெனிக்குப் போனது. பட்டியலான கம்பெனி விற்றது மருத்துவமனைத் தொழிலை மட்டுமே. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எல்லாமே அச்சில் இருந்ததுதான். பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கு விதி வந்தபிறகு, நீண்டகால வாடகைக்கு எடுத்த கட்டடமும் "பயன்பாட்டு உரிமை" என்ற பெயரில் சொத்துப் பக்கம் ஏறுகிறது. எதிர்ப்பக்கத்தில் இனிக் கட்டவேண்டிய வாடகை கடனாக நிற்கும். அந்த ஆண்டு பல கம்பெனிகளின் சொத்து ஒரே ராத்திரியில் ஊதிப்போனதுபோலத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். யாரும் புதிதாக ஒரு செங்கல்கூட வாங்கவில்லை.

"புத்தகத்தில் போட்டிருக்கிற மதிப்புதான் சொத்தின் மதிப்பு"

புத்தகத்தில் இருப்பது வாங்கிய விலை, அதில் இதுவரை எழுதிக் கழித்த தேய்மானம் போக மீதி. அவ்வளவுதான். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது என்பதால் எழுபதுகளில் வாங்கிய மனை பெரும்பாலும் எழுபதுகளின் விலையிலேயே உட்கார்ந்திருக்கும். மறுமதிப்பீடு செய்து விலையை ஏற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. ஆனால் ஏறிய தொகை லாபத்தில் சேராது, தனியாக ஒரு ரிசர்வில் நிற்கும். ஒரு மனையை மட்டும் பொறுக்கி மதிப்பிட முடியாது. அந்த வகைச் சொத்து முழுவதையும் மதிப்பிட வேண்டும், அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கட்டடத்தின் மதிப்பை ஏற்றினால் தேய்மானமும் ஏறி லாபத்தைக் கடிக்கும். அதனால் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போவதில்லை.

இது தெரிந்தவர்கள் நேர் எதிர்த் திசையில் இன்னொரு நம்பிக்கைக்கு ஓடுவார்கள்: "லேண்ட் பேங்க் இருக்கு, அள்ளிப் போடு." தொழில் நடக்கிற நிலத்தின் சந்தை விலை கைக்கு வரவேண்டுமானால், வழக்கமாகத் தொழிலை அங்கிருந்து கிளப்ப வேண்டும். அடையாறு கேட் ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் அடையாறு, இருந்தது ஆழ்வார்பேட்டை டி.டி.கே. ரோட்டில். பார்க் ஷெரட்டன் என்று ஒரு தலைமுறைக்கும், கிரவுன் பிளாசா என்று அடுத்த தலைமுறைக்கும் தெரிந்த இடம். தக்ஷிண் உணவகம் அங்கேதான். 2023 டிசம்பர் 20-ஆம் தேதியோடு ஹோட்டலை மூடினார்கள். இடம் பாஷ்யம் நிறுவனத்திடம் போனது, அடுக்குமாடி வீடுகளுக்காக. நிலம் பணமானது, ஹோட்டல் போனது. கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கான்கிரீட் ஃபிரேம் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள் போடுகிறது. வீடு கட்ட வாங்குகிறவருக்கு அந்த 60-இல் மீதி எத்தனை என்பது கணக்கே இல்லை.

"தேய்மானம் என்பது புது மெஷின் வாங்க எடுத்துவைக்கிற பணம்"

படித்தவர்கள், பிசினஸ் செய்கிறவர்கள் வாயிலிருந்தே அடிக்கடி வருவது இது. "தேய்மானம் போட்டிருக்கோமே, அந்தப் பணத்துல மாத்திக்கலாம்" என்பார்கள். எந்தப் பணம்?

ஒரு மருத்துவமனை 2 கோடியே 60 லட்சம் கொடுத்து சி.டி. ஸ்கேன் மெஷின் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் அட்டவணைப்படி அதற்கு ஆயுள் 13 ஆண்டு. கடைசியில் நிற்கும் மதிப்பு 5 சதவீதம், அதாவது 13 லட்சம். மீதி 2 கோடியே 47 லட்சத்தை 13-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 19 லட்சம். பணம் முழுக்க வாங்கிய அன்றே போய்விட்டது. அதற்குப்பின் ஆண்டுதோறும் செலவுக் கணக்கில் ஏறும் 19 லட்சம் யாருக்கும் கொடுப்பதல்ல, எங்கும் போட்டுவைப்பதும் அல்ல. அன்றைய செலவை அதனால் பயன்பெறும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுவது மட்டும்தான்.

இந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மையும் ஒட்டியிருக்கிறது. தேய்மானம் கழித்த பிறகே லாபம் என்பதால், அந்த 19 லட்சத்தை டிவிடெண்டாகப் பங்கு போட முடியாது. சம்பாத்தியம் இருந்தால் அந்தப் பணம் கம்பெனிக்குள் நிற்கும். நிற்கும் என்றால் தனிப் பெட்டியில் அல்ல. சம்பளம், கடன் தவணை, மருந்து சப்ளையர் பாக்கி என்று எதில் வேண்டுமானாலும் கரைந்திருக்கலாம். பதிமூன்றாம் ஆண்டு மெஷினை மாற்ற நிற்கும்போது கையில் இருப்பது பேங்க் பேலன்ஸ் மட்டுமே. அன்றைய மெஷின் விலையும் பழைய 2.60 கோடியாக இருக்கப்போவதில்லை.

இதே மெஷினுக்கு வருமான வரியில் வேறு கணக்கு. பொதுவான மெஷினரிக்கு மீதி மதிப்பின் மேல் 15 சதவீதம் என்பதால், முதல் ஆண்டு 180 நாளுக்குக் குறையாமல் ஓடியிருந்தால் 39 லட்சம் கழியும். உயிர்காக்கும் கருவிகள் என்று விதி பட்டியலிட்டவற்றுக்கு 40 சதவீதம். ஆக ஒரே மெஷினுக்கு ஒரே ஆண்டில் இரண்டு தேய்மானம், இரண்டு ஏட்டு மதிப்பு. இரண்டுமே சட்டப்படி சரி. எது "நிஜமான" மதிப்பு என்று ஆடிட்டரைக் கேட்டால் அவர் சிரிக்கத்தான் செய்வார். இந்த இடைவெளிக்கான வரிதான் பேலன்ஸ் ஷீட்டில் "டெஃபர்டு டாக்ஸ்" என்று வந்து நிற்கிறது.

தேய்மானத்தால் முதலீட்டாளருக்கு வேறொரு உபயோகம் உண்டு, அதைச் சிலரே பயன்படுத்துகிறார்கள். நிலைச்சொத்துக் குறிப்பில் கிராஸ் பிளாக், அதாவது தேய்மானம் கழிக்காத மொத்த விலை எவ்வளவு, இதுவரை கழித்த தேய்மானம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். மெஷினரியின் கிராஸ் பிளாக் 100 கோடி, கழித்தது 80 கோடி என்றால், அங்கே ஓடுவதெல்லாம் கிழட்டு மெஷின்கள். இன்றைக்கு லாபம் பளபளப்பாகத் தெரியும்; பெரிய செலவு வாசலில் நிற்கிறது.

"புத்தகத்தில் ஒன்றுமில்லை என்றால் மதிப்பும் ஒன்றுமில்லை"

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது நடந்ததுபோல எல்லாம் தண்ணீரில் மூழ்கினால் இந்த நம்பிக்கையின் விலை தெரியும். ஏட்டு மதிப்பை அப்படியே பார்த்து இன்ஷூர் செய்கிறவருக்கு இரண்டு அடி விழும். தேய்ந்துபோன மதிப்புக்குத்தான் பாலிசி என்பதால் புது மெஷின் வாங்க அது காணாது. அந்த மதிப்பையும் குறைத்துக் காட்டியிருந்தால் "ஆவரேஜ்" விதி வரும்: பாதி மதிப்புக்கு இன்ஷூர் செய்தவருக்கு நஷ்டத்திலும் பாதிதான். புதிதாக வாங்க ஆகும் விலைக்கு எடுக்கும் ரீஇன்ஸ்டேட்மென்ட் பாலிசி என்று ஒன்று இருக்கிறது. பிரீமியம் கூடுதல்தான்.

"நிலைச்சொத்து ஏறுகிறதா, கம்பெனி வளர்கிறது"

ஏறியது எதனால் என்று பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வேர்ல்ட்காம் மற்ற தொலைபேசி நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்தக் கொடுத்த வாடகையை, அதாவது சாதாரண நடைமுறைச் செலவை, முதலீட்டுச் செலவு என்று சொத்தில் ஏற்றியது. செலவு சொத்தானது, நஷ்டம் லாபமானது. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைப் பிடித்தது. 2002 ஜூனில் கம்பெனியே ஒப்புக்கொண்டபோது தொகை 380 கோடி டாலர். அடுத்த மாதமே திவால் மனு. சின்ன அளவில் இந்த வேலை எங்கும் நடக்கக்கூடியது. கட்டடத்துக்கு வெள்ளையடித்தது செலவு, மேலே ஒரு தளம் எழுப்பியது சொத்து. இரண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட பில்கள் வந்து விழும். அவற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் என்பதில் நிர்வாகத்தின் குணம் தெரிந்துவிடும்.

இன்னும் முடியாத வேலைகளுக்கு "கேபிடல் ஒர்க் இன் பிராக்ரஸ்" என்று தனி வரி. பயன்பாட்டுக்கு வரும்வரை தேய்மானம் கிடையாது. கட்டுமானக் காலத்தில் கடனுக்கான வட்டியும் அதிலேயே ஏறலாம். கடலூரில் நாகார்ஜுனா ஆயில் கார்ப்பரேஷன் கட்டிக்கொண்டிருந்த சுத்திகரிப்பு ஆலையை 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துப்போட்டது. வேலை நின்றது, ஆலை உற்பத்திக்கு வரவே இல்லை, கம்பெனி கடைசியில் கலைப்புக்குப் போனது. இந்த மாதிரி நின்றுபோன திட்டங்கள் ஒரே ஒரு மொத்தத் தொகைக்குள் ஒளிந்துகொள்வது முன்பு சுலபம். 2021 ஏப்ரலில் அமலான விதித் திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் தொகை ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று வயதுவாரியாகக் காட்டப்பட வேண்டும். நான் முதலில் கடைசிக் கட்டத்தைப் பார்ப்பேன். பிறகு, அதே திருத்தத்தில் வந்த இன்னொரு அட்டவணையை: கம்பெனி பெயரில் பத்திரம் இல்லாத நிலமும் கட்டடமும் எவை, யார் பெயரில் இருக்கின்றன, அவர் புரமோட்டரா அவருடைய உறவினரா, எத்தனை காலமாக, ஏன் இன்னும் மாற்றவில்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.