முதலில் மொட்டைமாடிக்கு ஏறு

கும்பகோணம்
மாசி மாதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

தாத்தா வீட்டுக்கே குடிவரப் போகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் வீடு சீக்கிரம் வீணாகும். ஆள் புழங்கினால்தான் அது வீடு.

நீ அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். கூடத்துக்கு எமல்ஷன் பெயின்ட், சிவப்புத் தரையின் மேல் விட்ரிஃபைடு டைல்ஸ், அடுக்களைக்கு மாடுலர் அலமாரி, சித்திரையில் பால் காய்ச்சுவது. எல்லாம் இருக்கிறது, மொட்டைமாடி மட்டும் இல்லை. அதனால்தான் போனில் இரண்டு வார்த்தை பேசி முடிக்காமல் இதை எழுதுகிறேன். பழைய வீட்டுக்குப் போடும் பணத்தில் முதல் பங்கு தண்ணீரைத் தடுக்கப் போக வேண்டும். வண்ணம், தரை, அலமாரி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூடத்துக்கு மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திக் கோணலாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. உள்ளே கம்பி கிடையாது. பாரம் முழுவதையும் அந்தக் கட்டைகள்தான் தாங்குகின்றன.

ஒழுகுகிறது என்று சொன்னால், "மேலே ரெண்டு அங்குலம் கான்கிரீட் போட்டுடலாம்மா" என்று சொல்லத்தான் பலர் வருவார்கள். சம்மதிக்காதே. 2 அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ இருக்கும். அவ்வளவு கனத்தை வயதான கட்டைகளின் தலையில் ஏற்றக் கூடாது. சிமென்ட்டும் சுண்ணாம்பும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை. கொஞ்ச நாளில் இரண்டுக்கும் நடுவே விட்டுப்போய், அந்தச் சந்தில் தண்ணீர் தங்கும். மேலே பார்த்தால் தளம் புதிதாக இருக்கும், கீழே கட்டை ஊறிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இதைவிட எளிது, பொறுமைதான் வேண்டும். உடைந்த தட்டோடுகளை எடுத்துவிட்டு வேறு பதிக்கச் சொல். ஓடுகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி சாந்து அடைக்க வேண்டும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேருகிற மூலையைத் தனியாகப் பார். பெரும்பாலும் ஒழுக்கு அங்கேதான் தொடங்கும். கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மட்டும் போதாது, மறுபடி தழைக்கும். அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் கான்கிரீட் வீடுகளில் செய்வதுபோல் தூம்பை அடைத்துத் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டாம். ஓர் அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ. வாளியால் ஒரு பக்கம் ஊற்றிப் பார், கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்து பார், பிறகு அடுத்த பக்கம். மாப்பிள்ளை கீழேயும் நீ மேலேயும் நின்றால் ஒரு காலையில் முடிந்துவிடும்.

கட்டைகளைப் பார்க்கும்போது நடுவைவிட முனையைக் கவனி. சுவருக்குள் போகிற இடத்தில்தான் ஈரம் சேர்ந்து மக்கும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் சந்தேகம். ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார், கெட்ட மரத்தில் சுலபமாக இறங்கும். அப்படி ஒரு கட்டை இருந்தாலும் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதே. ஊஞ்சல் மாட்டுகிற ஆசையும் அதுவரை பொறுக்கட்டும்.

அடுத்தது சுவர். வாசல் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து உப்புப் பூத்திருக்கிறது, அது ஓதம். பெயின்ட் கடைக்காரர் அதன்மேல் ஒரு டப்பா தடவச் சொல்வார். அதற்குமுன் ஒன்று செய். ஈரமான இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடு. தாளுக்கு உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

என் கணிப்பு, அது சுவரிலிருந்துதான் வருகிறது. நம் தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். நான் சிறுமியாக இருந்தபோது திண்ணைக்கு ஏறப் படிகள் இருந்தன, இன்று திண்ணையும் தெருவும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்குகிறது. அங்கே சேர்ந்திருக்கும் மண்ணை அகற்றிச் சுவரை ஒட்டி ஒரு சிறு வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை வெளியே விடு. கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பார்.

அதற்குப் பிறகுதான் பூச்சு. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை: சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கும். அடைபட்ட ஈரம் மேலே ஏறும், முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புக்கு வரும். பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பதும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்யும். உப்பு பின்னாலிருந்து தள்ள, பெயின்ட் கொப்பளித்து உரியும்.

இந்த வேலை எல்லாக் கொத்தனாருக்கும் வராது. கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை செய்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள், விசாரித்துக் கூட்டி வா. சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. குழந்தையை அந்தப் பக்கம் விடாதே. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். வெயில் படுகிற இடத்தில் ஈரச் சாக்கு போட்டுக் காப்பாற்ற வேண்டும். அவசரப்படுத்தினால் வெடிப்பு விடும்.

இப்போது நாள் கணக்கு. பங்குனி, சித்திரை இரண்டும் மாடிக்கும் சுவருக்கும் நல்ல மாதங்கள். வைகாசியில் வெள்ளை மட்டும் அடித்துவிட்டுக் குடிவந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வீட்டின் மேல் பெய்யட்டும். எங்கே நனைகிறது, எங்கே நனையவில்லை என்று அந்த இரண்டு மாதம் காட்டிவிடும். வண்ணத்தைத் தை மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைச் சுவரில் சாய்ந்தால் துணியில் ஒட்டுமே என்பாய். ஒட்டத்தான் செய்யும், தை வரைக்கும் பொறுத்துக்கொள்.

தரையைத் தொடாதே, கயல். அந்தச் சிவப்புத் தரையை இன்று அப்படி மெழுக ஆள் கிடைப்பது அரிது. மேலே டைல்ஸ் ஒட்டினால் மட்டம் உயர்ந்து, தேக்குக் கதவுகளின் அடியை அறுக்க வேண்டி வரும். தரை வழியாக வந்த ஈரமும் போக வழியில்லாமல் சுவருக்குத் திரும்பும். ஈரத்துணியால் துடை, வாரம் ஒருமுறை இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு உலர்ந்த துணியால் தேய். சில மாதங்களில் பளபளப்பு திரும்பும். ஆசிட் மட்டும் வேண்டாம். சிவப்புத் தரை, மொசைக், ஆத்தங்குடிக் கல் மூன்றையும் அது அரித்துவிடும். கழிப்பறையிலும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் இதைச் சொல்லி, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வை.

வயரிங் பழைய மரப்பட்டியில் ஓடுகிறது, எர்த் கிடையாது. அதைப் பழுது பார்க்க வேண்டாம், முழுவதும் மாற்று. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல். பூச்சு வேலைக்கு முன்பே இது முடிய வேண்டும், இல்லாவிட்டால் புதுச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

அடுக்களைக்கு எம்டிஎஃப் பலகை வேண்டாம். ஈரம் பட்டால் ஊதிவிடும். பிளைவுட் வாங்கினால் பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று நீயே பார்த்து வாங்கு. தொட்டிப் பக்கத்துக்கு அந்த ரகம்தான் தாங்கும். தாத்தாவின் பீரோவையும் கட்டிலையும் விற்கிற எண்ணம் இருந்தால் கைவிடு. தூசி துடைத்து ஆளிவிதை எண்ணெய் பூசினாலே உயிர் வந்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துவிட்டுப் பிறகு எறி. பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வை. காற்றும் போகும், கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் கதவு இறுகினால் இழைக்கச் சொல்லாதே. மாசி, பங்குனியில் மரம் வற்றிப் பழையபடி ஆகிவிடும். அப்போதும் உரசினால் இழைக்கலாம்.

கூலியைச் சனிக்கிழமை தவறாமல் கொடுத்துவிடு, உழைத்தவர் வீட்டு அடுப்பு நமக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒப்பந்தமாகப் பேசினால் மாடி வேலைக்கான கடைசித் தவணையைக் கார்த்திகை மழைக்குப் பிறகு தருவதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள். நல்ல வேலைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

புரட்டாசி கடைசியில் ஒவ்வோர் ஆண்டும் மாடித் தூம்புகளில் அடைந்த வேப்பஞ்சருகை எடுத்துவிட வேண்டும். பின்கட்டு ஓட்டுக்கூரையில் விலகின ஓடுகளையும் அப்போதே சரிசெய்யலாம். மாற்று ஓடுகள் கொல்லைக் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன, பழைய இரும்புக்காரரிடம் யாரும் தூக்கிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையும் நீயும் வருவதாக எழுதியிருக்கிறாய். டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். சுவர் வெடிப்பு ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுவோம், நீளுகிறதா நிற்கிறதா என்று பிறகு தெரியும். ஏணி என் வீட்டில் இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள் மாடியைப் பார்த்துவிட்டால் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம்.

அன்புடன்,
பெரியம்மா