அந்தமானுக்கு எத்தனை லென்ஸ்?

கேள்வி: எடை குறையட்டும் என்றுதான் சின்ன கேமரா வாங்கினேன். இப்போது லென்ஸ், ஃபிளாஷ், டிரைபாட் எல்லாம் சேர்ந்து தோள் வலிக்கிறது. அந்தமானுக்கு எதையெல்லாம் கொண்டுபோகலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரு ஜூம், ஒரு டெலி. அதற்கு மேல் வேண்டாம். செல்லுலார் சிறையின் நீண்ட தாழ்வாரங்களுக்கும் ராதாநகர் கடற்கரைக்கும் ஜூம் போதும். சிடியா தாப்புப் பறவைகளுக்கு டெலி. உப்புக்காற்றும் மணலும் உள்ள இடத்தில் லென்ஸை அடிக்கடி கழற்றி மாட்டினால் சென்சாருக்குத்தான் கேடு. அந்த ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே மூன்றாவது லென்ஸின் இடத்தில் சிலிகா ஜெல் பொட்டலங்களையும் இறுக மூடும் பை ஒன்றையும் வையுங்கள். ஃபிளாஷ் வீட்டிலேயே இருக்கட்டும். டிரைபாட் உள்ளங்கை அளவில் போதும்; டிசம்பரில் மாலை 5 மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், அப்போது உதவும். உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அந்த எடையையும் கணக்கில் சேருங்கள்.

பாராடாங் போகும் டிரங்க் சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் செல்கிறது. அவர்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். அங்கே கேமராவை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.